குதிரை ஏறலாமா, கூடாதா?

உலகத்துக்கெல்லாம் முதலாளித்துவப் பாடம் எடுத்த அமெரிக்கா, தன் ஆகாயத்தை மட்டும் நாற்பது வருடம் ரேஷன் கடை மாதிரி நடத்தியது. 1938 சட்டத்தின் புண்ணியத்தில், எந்த விமானம் எந்த ஊருக்குப் போகலாம், டிக்கெட் எவ்வளவு என்பதெல்லாம் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டின் கையில். விலையில் மோத வழியில்லாத கம்பெனிகள் உபசாரத்தில் மோதின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஜம்போ விமானத்துக்குள் பியானோவே வைத்தது.

வேர்ல்ட் ஏர்வேஸ் 1967இல், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மலிவாக ஓட்டுகிறேன் என்று மனுப் போட்டது. போர்டு ஆறு வருடத்துக்கு மேல் ஃபைலை அடைகாத்து, கடைசியில் ‘விவரங்கள் பழசாகிவிட்டன’ என்று தள்ளுபடி செய்தது. பழசாக்கிய புண்ணியவான் யார் என்று யாரும் கேட்கக் கூடாது.

மாநில எல்லை தாண்டாமல் டெக்சாஸுக்குள்ளேயே பறந்த சவுத்வெஸ்ட் கம்பெனியிடம் மட்டும் போர்டின் ஜபம் பலிக்கவில்லை. 1973இல் பிரானிஃப் என்ற போட்டிக் கம்பெனி, டல்லாஸ்–ஹூஸ்டன் டிக்கெட்டைப் பாதியாக்கி 13 டாலருக்கு விற்றது. சவுத்வெஸ்ட் சொன்னது: 13 கொடுத்தாலும் சரி, 26 கொடுத்தால் ஒரு பாட்டில் விஸ்கி இலவசம். டிக்கெட் ஆபீஸ் கணக்கில், பாட்டில் வீட்டு அலமாரியில். கோட்டு போட்ட கனவான்களில் பெரும்பாலோர் 13 டாலர் கியூ பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

1977இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், ஆல்ஃபிரட் கான் என்ற பொருளாதாரப் பேராசிரியரைப் போர்டின் தலைவராக்கினார். மேஜைக்கு வந்த கேள்விகளைப் பார்த்து மனிதர் ஆடிப்போனார். ஃப்ளோரிடாவிலிருந்து குதிரைகளை விமானத்தில் ஏற்றலாமா? உறவுக் கம்பெனிகள் இரண்டின் ஊழியர்கள் ஒரே மாதிரி யூனிஃபார்ம் போடலாமா? இதற்காகவா என் அம்மா என்னை வளர்த்தாள் என்று அவர் பகிரங்கமாகவே அலுத்துக்கொண்டார்.

கட்டுப்பாட்டை எடுக்கிறோம் என்று அரசு சொன்னதும் கும்பிடு போட்டிருக்க வேண்டிய கம்பெனிகளில் பெரும்பாலானவை, ‘எங்களுக்குச் சுதந்திரமே வேண்டாம் சாமி’ என்று காலில் விழுந்தன. யுனைடெட் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு.

1978 அக்டோபர் 24 அன்று கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். யாரும் ஓட்டாமல் கிடக்கும் வழித்தடங்கள் முந்தினவருக்கே என்று சட்டம் சொன்னதுதான் தாமதம். வேண்டாம் என்று அழுத அதே கம்பெனிகளின் ஆட்கள் போர்டு ஆபீஸ் வாசலில் வரிசை கட்டினார்கள். அள்ளியதில் முதலிடம் பிரானிஃபுக்கு. டிசம்பரில் ஒரே நாளில் 16 புது ஊர்களுக்குச் சேவை தொடங்கியது. 1982 மே மாதம் திவாலானது.