தணிப்பான்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கனநீருக்கு ஒரு வேலை உண்டு. தறிகெட்டுப் பறக்கும் நியூட்ரான்களை முட்டி மோதி வேகம் குறைய வைப்பது. இந்தப் பொருளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் மாடரேட்டர். நம் பாடநூல்களில் தணிப்பான். மாநாட்டு மேடையில் காலர் மைக்கும் கையில் அட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரும் மாடரேட்டர்தான். அழைப்பிதழில் மட்டும் மரியாதை கருதி 'நெறியாளர்' என்று போடுவார்கள். கனநீர் சம்பளம் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மவர் பிறக்கும்போதே நெறியாளர் அல்ல. இருபது வருஷம் நிருபர். கோட்டை, கமிஷனர் ஆபீஸ், ஐகோர்ட் என்று செருப்புத் தேய அலைந்தவர். அமைச்சர் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் அந்த இடுக்கில் ஒரு கேள்வியைச் செருகிவிடுவார் என்று பெயர். பிறகு டிவி விவாதம். அங்கே நாலு பேரைக் கோழிச் சண்டைக்கு மூட்டிவிட வேண்டும். இப்போது மாநாடு. இங்கே அதே நாலு பேர் கொத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு இதில்தான் அதிகம். பத்து சதவீத வரிப் பிடித்தம் போக வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது.

அந்தக் காலத்தில் அவர் என்ன கேட்பாரோ என்று எதிராளிக்கு வியர்க்கும். இப்போது கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவைத்துவிட்டு, வியர்வையை அவரே வைத்துக்கொள்கிறார். பேச்சாளரின் உதவியாளர் போன் செய்வார்.

"சார், அந்த மூணாவது கேள்வி கொஞ்சம்..."

"எடுத்துட்டேம்மா."

"ரெண்டாவதும்..."

"அதையும் எடுத்துட்டேன். முதல் கேள்வி இருக்கட்டுமா? 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன'ன்னு கேட்டிருக்கேன்."

"அது ஓகே சார்."

மேடைக் கணக்கு தனி. நிரலில் 45 நிமிடம் என்றிருக்கும். ஏ.சி. காற்றில் அணைந்து அணைந்து எரியும் குத்துவிளக்குக்கும், பொன்னாடைகளுக்கும் 18 போகும். ஐந்து பேச்சாளர்களின் சாதனைப் பட்டியலை வாசிக்க 12. மிச்சம் 15. முதல் ஆள், "சுருக்கமா சொல்றேன்" என்று மைக்கைப் பிடித்தால் 11. மற்ற நால்வருக்கும் தலைக்கு ஒரு நிமிடம். '2 நிமிடம்' என்று எழுதிய துண்டுச் சீட்டை நம்மவர் நீட்டினால், ஏதோ பாராட்டு என்று நினைத்துப் புன்னகையோடு மடித்து வைத்துக்கொள்கிற பெரியவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவர்களைத் தணிக்கத் தனி அகராதி இருக்கிறது. "மிக அருமையான கருத்து" என்றால், போதும் என்று பொருள். "இதை விரிவாகவே பேசலாம்" என்றால், இங்கே வேண்டாம். "தேநீர் இடைவேளையில் தொடர்வோம்" என்றால், இந்த ஜென்மத்தில் இல்லை.

பட்டிமன்ற நடுவர் பாவம். சாலமன் பாப்பையாவே ஆனாலும் கடைசியில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லித்தான் இறங்க வேண்டும். நம்மவருக்கு அந்தத் தொல்லை இல்லை. "சவால்களும் இருக்கின்றன, வாய்ப்புகளும் இருக்கின்றன" என்று முடித்துவிடுவார். மின்சார வாகனமோ, சிறுதானியமோ, செயற்கை நுண்ணறிவோ, எந்தப் பூட்டுக்கும் இந்த ஒரு சாவி போதும்.

போன மாதம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு தொழில் மாநாடு. "கேள்வி மட்டும் கேளுங்கள், உரை வேண்டாம்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். முதலில் எழுந்தவர், "எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லை, ஒரு சின்னக் கருத்து" என்று தம் தாத்தாவின் அரிசி ஆலையிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி அனுப்பிய சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது.

'2024 ஜனவரியில் இதே வளாகத்தில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. எங்கள் மாவட்டத்துக்கு என்று சொன்னதில் எத்தனை ஆலைக்கு இதுவரை அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்?'

நம்மவர் முதுகு தானாக நிமிர்ந்தது. கை பேனாவைத் தேடியது. காருக்கும் கதவுக்கும் நடுவே நின்ற பழைய ஆள் ஒரு விநாடி எட்டிப் பார்த்தான். எதிரே அமைப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பின்கதவு வழியாகப் பிரியாணி வாசனை வந்தது.

"நேரமின்மை காரணமாக..." என்றார் நம்மவர். சீட்டு சட்டைப்பைக்குள் போனது.

மறுநாள் துணி துவைக்கப் போடுமுன் பையைத் துழாவிய மனைவி அதை எடுத்துப் படித்தார். "நல்ல கேள்வியா இருக்கே! என்னங்க பதில் சொன்னாங்க?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நம்மவர் சொன்னார்:

"மிக அருமையான கருத்து."