நெய்யாற்றின்கரை யாருக்கு?

கழக்கூட்டத்தில் ஒரு காலத்தில் தகராறைத் தீர்க்கும் முறை சுலபமானது. எதிராளியின் வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் குளம் தோண்டிவிடுவார்கள். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவோடு மோதிய எட்டுவீட்டில் பிள்ளைமாரில் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். அவர்கள் வீடுகளுக்கு அப்படித்தான் ஆனது என்று இங்கே சொல்வார்கள். இப்போது அதே ஊரில், டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் தட்டுகிற நாங்கள், சாயாவும் பழம்பொரியும் வைத்துக்கொண்டு தகராறு செய்கிறோம். தீர்வு வருவதில்லை, ஆனால் யார் வீடும் இடிவதில்லை.

தமிழ்நாட்டுத் தரப்பு நான். ஊர் தக்கலை. கேரளத் தரப்பு, பக்கத்து நாற்காலி நெய்யாற்றின்கரைக்காரர். எனக்கு அவர் சேட்டன், அவருக்கு நான் அண்ணாச்சி. வழக்கு 1956-லிருந்து நிலுவையில் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையிலும் ஒரு பகுதி வந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டதில் தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் உண்டு. அவை வரவில்லை. ஆகவே, சட்டம் என்ன சொன்னாலும், சேட்டன் எனக்கு வரவேண்டிய பாக்கி.

எங்கள் தாத்தா காலத்து ஆட்களிடம் இந்த வேடிக்கை எடுபடாது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்தச் சண்டையை அவர்கள் போட்டு முடித்ததால்தான் நமக்குப் பழம்பொரி தின்றுகொண்டே பேச வாய்த்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறோம்.

சேட்டனுடைய எதிர் வழக்கு பத்மநாபபுரம் அரண்மனை. அதற்கு வழக்கே தேவையில்லை என்பதுதான் விசேஷம். அரண்மனை எங்கள் தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மண் எங்களுடையது, கூரை அவர்களுடையது. வெளியே நின்று விசில் அடிப்பது தமிழ்நாடு போலீஸ், உள்ளே டிக்கெட்டைக் கிழிப்பது கேரள அரசு ஊழியர். சொந்த ஊர் அரண்மனைக்குள் நுழைய வெளி மாநில அரசுக்குக் காசு கட்டுகிறவர்கள் நாங்கள். “பரவாயில்ல அண்ணாச்சி, திங்கட்கிழமை வராதீங்க, எங்களுக்கு லீவு” என்பார் சேட்டன்.

ஒருநாள் நான் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். “கழக்கூட்டத்துப் பிள்ளையை அடக்கின ராஜா எங்க ஊர் அரண்மனையில இருந்து ஆண்டவர். அப்ப இந்த ஊரே எங்களுக்குத்தான்” என்றேன். சேட்டன் சாயாவை ஆற அமரக் குடித்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளைமார் துரத்தினப்போ அந்த ராஜா எங்க ஒளிஞ்சாரு? எங்க நெய்யாற்றின்கரை பலா மரப் பொந்துல. மரம் இல்லன்னா ராஜாவே இல்ல, கேட்டோ.” அம்மச்சிப் பிலாவு என்று அந்த மரத்தின் மிச்சம் இன்றும் அங்கே கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் நிற்கிறது. ராஜாவுக்கு வாடகை பாக்கி இருப்பதாகக்கூட ஒரு கணக்குச் சொன்னார். அன்றைக்குச் சாயாக் காசு நான் கொடுத்தேன்.

மனிதர்களைவிட இந்த எல்லையைச் சாமிகள் நன்றாகச் சமாளிக்கின்றன. நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போவார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறும். களியக்காவிளை வரை தமிழ்நாடு போலீஸ் மரியாதை, அதற்கு மேல் கேரள போலீஸ் மரியாதை. அந்த சரஸ்வதி கம்பர் பூசித்தவள் என்பது ஐதீகம். கம்பர் வீட்டு சரஸ்வதி, எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் ஆன்சைட் போவதுபோல, கேரளம் போய் வேலையை முடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வருகிறாள். நாங்கள் அந்த ஊர்வலத்தைப் பார்க்க லீவு கேட்டால் மேனேஜர்தான் எல்லையில் நிற்கிறார்.

சாமிக்கு அடுத்தபடி சினிமா நடிகர். 2024 மார்ச்சில் நடிகர் விஜய் படப்பிடிப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தார். நம் பக்கத்துக் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில்தான் ஷூட்டிங். ரசிகர்கள் காட்டிய அன்பில் அவர் கார்க் கண்ணாடி நொறுங்கியது. உடைத்தது யார் என்று நானும் சேட்டனும் வாதாடினோம். உடைத்த பெருமை தங்களுக்கே என்று இரு தரப்பும் கோரியதால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

உலகத்திலும் இப்படி உண்டு. கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் ஹான்ஸ் தீவு என்று ஒரு மொட்டைப் பாறை. கனடாவும் டென்மார்க்கும் அது தங்களுடையது என்று ஆளுக்கொரு கொடி நட்டு, வரப்போகிறவர்களுக்கு ஆளுக்கொரு சாராய பாட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். 2022-ல் பாறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பாவம், இனி பாட்டில் கிடையாது. நம் ஊரில் அந்தப் பிழைப்பு களியக்காவிளையில் நடக்கிறது. தமிழ்நாட்டில் பெட்ரோல் மலிவு, ஆகவே பாறசாலைக்காரர் வண்டியோடு இந்தப் பக்கம் வருவார். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது, ஆகவே நம்மாள் சட்டைப் பையோடு அந்தப் பக்கம் போவார். ஒருவர் டேங்க் நிறைந்து திரும்புகிறார், இன்னொருவர் நம்பிக்கை நிறைந்து திரும்புகிறார்.

முல்லைப் பெரியாறு மட்டும் சாயாக்கடையில் தடை செய்யப்பட்ட விஷயம். அணை இடுக்கியில், இயக்குவது தமிழ்நாடு, 1886-ல் போட்ட குத்தகை 999 வருஷத்துக்கு. யாராவது ‘142 அடி’ என்று ஆரம்பித்தால் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிடுவார். நியாயமான மனிதர்.

போன வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பாசஞ்சரில் சேர்ந்து போனோம். இந்த ரயில் பாதையும் ஒரு கூத்து: நாகர்கோவில் தமிழ்நாட்டுக்கு வந்து எழுபது வருஷம் ஆகப்போகிறது, ரயில்வே கணக்கில் இன்னும் திருவனந்தபுரம் கோட்டம். மதுரையோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலராமபுரம் தாண்டியதும் சேட்டன் திடீரென்று இறங்கிவந்தார்.

“சரி அண்ணாச்சி, நெய்யாற்றின்கரையைத் தந்துடறோம். பொங்கல் பரிசு எங்க ரேஷன் கடைக்கும் வரணும். ஓண லீவு போகக்கூடாது.”

“ஓணத்துக்கு எங்க மாவட்டத்துக்கும் லீவுதான். கலெக்டரே உள்ளூர் விடுமுறை விடுவாரு.”

“ரெண்டும் உண்டா?” சேட்டன் கண்கள் விரிந்தன. பையைத் தோளில் மாட்டியபடி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார். “சும்மாவா விடறாரு?”

“சும்மா இல்ல. ஈடா ஒரு சனிக்கிழமை வேலை நாள்.”

வண்டி நெய்யாற்றின்கரையில் நின்றது. “சனிக்கிழமையா? அப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, கேரளத்தில் இறங்கிக்கொண்டார்.