கப்பலூர் வெயிலில் டீசல் எரிப்போருக்கு ஒரு கையேடு

சித்திரை மாதம் மத்தியான வேளையில் மதுரையை ஒட்டிய கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். வெளியே 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஷெட்டுக்குள்ளே யாராவது ஒருவர் தண்ணீரைச் சூடாக்க டீசல் ஊற்றிக்கொண்டிருப்பார். இந்தக் கையேடு அவருக்காக எழுதப்பட்டது.

உங்களுக்குச் சின்னதாக ஓர் உணவுப் பொருள் கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா வாங்கிப் போட்ட டீசல் பாய்லர். அதிலிருந்து வேகவைக்க ஆவி ஒரு லைன். அதே ஆவி டேங்குக்குள் காயில் வழியாகப் போய், டிரம்மும் ட்ரேயும் கழுவ வெந்நீர் தருவது இன்னொரு லைன். இப்போது இதோடு புதிதாக ஒரு ஹீட் பம்ப்பைச் சேர்க்க முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. சேர்த்த பிறகும் டீசல் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் காப்பாற்றுவது எப்படி என்று பார்ப்போம். கேட்பதற்குக் கஷ்டம்போல இருக்கும். செய்வது ரொம்ப சுலபம்.

விற்க வருபவரோடு முதலில் டோல்கேட்டைப் பற்றிப் புலம்ப வேண்டும். கப்பலூரில் எந்த வியாபாரப் பேச்சும் அதைத் தாண்டித்தான் தொடங்கும். பிறகு அவர் கணக்கைப் போடட்டும். அந்தக் கணக்கில் தப்பு இருக்காது, அதுதான் ஆபத்து. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம். பழைய பாய்லரில் புகைபோக்கிக்குப் போனது போக, தண்ணீருக்கு 8 யூனிட் சேர்ந்தால் அதிகம். லிட்டர் 90 ரூபாய் என்றாலே யூனிட் வெப்பத்துக்கு 11 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்தியன் ஆயில் கிடங்கு ஊரிலேயே இருக்கிறதே என்று டீசல் நமக்குக் குறைந்த விலையில் வருவதில்லை. ஹீட் பம்ப் அப்படியில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும்: வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை, இங்கிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய் விடுகிறது. கப்பலூர்க் காற்றில் எடுப்பதற்கா பஞ்சம்? ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். கரண்ட் யூனிட் 8 ரூபாய் என்றாலும் வெப்பம் இரண்டே கால், இரண்டே முக்கால் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

"புது டெக்னாலஜி சார்" என்பார். மறுக்காதீர்கள். கெல்வின் பிரபு இந்த யோசனையைச் சொன்னது 1852-ல். 1856-ல் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் செய்தும் பார்த்துவிட்டார். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் தள்ளுபடி கிடைக்காது.

கனடாவிலிருந்து சித்தப்பா மகன் போனில் வருவார். அங்கே வீட்டைச் சூடாக்கவே எண்ணெய் ஃபர்னஸ். குளிர் ஏற ஏற ஹீட் பம்ப் திணறும், காயிலில் பனி படியும். அப்போது பழைய ஃபர்னஸ் கைகொடுக்கும். ஆகவே "வெளிக் குளிர் இத்தனை டிகிரிக்குக் கீழே போனா ஃபர்னஸுக்கு மாத்துற மாதிரி செட் பண்ணுண்ணே" என்பார். அப்படியே செய்யுங்கள். மதுரையில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அவர் சொன்ன குளிர் வருவதற்காக அந்த ஸ்விட்ச் ஆயுள் முழுக்கக் காத்திருக்கும். நம் ஊரில் பாய்லர் எப்போது தேவை என்பதை முடிவு செய்வது குளிர் அல்ல, தண்ணீர் எத்தனை டிகிரிக்கு வேண்டும் என்பது. சாதாரண ஹீட் பம்ப் 60 டிகிரி வெந்நீருக்குச் சரி. ஆவிக்கு அது ஆகாது.

அதனால்தான் அதை ஆவி லைனுக்கே சேர்க்க வேண்டும் என்கிறேன். பாய்லருக்குப் போகும் ஃபீட் வாட்டரை 30-லிருந்து 60-க்கு ஏற்றிக் கொடுங்கள். ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் பழைய வாய்ப்பாடு. ஆக, மொத்த மிச்சம் 5 சதவீதம். சாக்கடையில் ஆவி பறக்க ஓடுகிற கண்டன்சேட் தண்ணீரைப் பிடித்து ஃபீட் டேங்குக்குத் திருப்பினாலே அதைவிட அதிகம் மிஞ்சும். ஆனால் அதற்குக் கொஞ்சம் பைப்பும் ஒரு ஃபிட்டரும் போதும். திறப்பு விழா வைக்க முடியாது.

இல்லை, வெந்நீர் டேங்குக்குத்தான் சேர்ப்பேன் என்று அடம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே டேங்கில் மாட்டுங்கள். ஹீட் பம்ப்பை 60-லும் பாய்லர் லைனை 70-லும் செட் செய்யுங்கள். காலையில் பாய்லர் ஓடி டேங்கை 70-க்குக் கொண்டுவந்துவிடும். ஹீட் பம்ப்பின் சென்சார் தொட்டுப் பார்க்கும்: வேலை முடிந்திருக்கிறது. நாள் முழுக்கப் பச்சை விளக்கு மட்டும் எரியும். அப்பா காலத்திலிருந்து இருக்கிற பாய்லர் ஆபரேட்டர், "தம்பி, மெசின் நல்லாத்தான் இருக்கு, சத்தமே இல்ல" என்பார். நீங்களும் இ.பி. பில்லைப் பார்த்து, "கரண்ட் ஏறவே இல்லண்ணே, பிரமாதம்" என்பீர்கள். இந்த மாதிரி இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கிற கோளாறு அபூர்வம். மாறாக, பச்சைத் தண்ணீர் முதலில் ஹீட் பம்ப் டேங்குக்குள் போய், 60-க்கு வந்த பிறகே பாய்லர் டேங்குக்குப் போகிற மாதிரி வரிசையாக வைத்து, பாய்லர் லைனை 55-க்கு இறக்கிவிட்டால், கழுவுகிற வேலைக்கு டீசல் அநேகமாகத் தேவைப்படாது. ஆகவே அதைச் செய்துவிடாதீர்கள்.

எங்கே வைப்பது? ஹீட் பம்ப் ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் குளிர்ந்த காற்றாக விடும். சூடு சம்பந்தப்பட்டது என்பதற்காக நாலு சுவருக்குள் பூட்டுங்கள். தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் தவிக்கட்டும். தப்பித்தவறித் திறந்த இடத்தில் வைத்தால் டீ பெஞ்ச் தானாக அங்கே நகர்ந்துவிடும். ஆபரேட்டர் துண்டை அதன் எதிரே காயப் போடுவார். காயிலில் கோத்துச் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பெயின்ட் வாளி வைத்து, சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றுவார்.

போர் தண்ணீரை சாஃப்ட்னர் இல்லாமல் நேராக விடுங்கள். எக்ஸ்சேஞ்சருக்குள் சுண்ணாம்பு படிந்து, கம்ப்ரசர் மூச்சுத் திணறி, மூன்றரை மடங்கு என்றது இறங்கத் தொடங்கும். விற்றவர் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்.

கரண்ட் போனால்? ஜெனரேட்டரில் ஹீட் பம்ப்பை ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் தரும். அதை மூன்றரையால் பெருக்கினால் பத்து, பன்னிரண்டு யூனிட் வெப்பம். அதே லிட்டரைப் பாய்லரில் எரித்தால் எட்டு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் கணக்கு அதன் பக்கம் நிற்கிறது.

கடைசியாக, ஹீட் பம்ப்புக்குப் போகிற வயரில் தனி மீட்டரும் வெந்நீர் லைனில் ஒரு வாட்டர் மீட்டரும் போடச் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். டீசல் டேங்கில் குச்சி விட்டு அளந்தால் போதும். அளந்ததை ஆபரேட்டர் சுவரில் சாக்பீஸால் எழுதட்டும். ஆயுத பூஜைக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு வருஷக் கணக்கும் சுத்தமாகிவிடும்.