முப்பத்தேழாயிரம் கிலோ பட்டம்

மகள் உயர்தரம் எழுதி முடித்த கிழமையே நான் கொழும்புக்காரனாகிவிட்டேன். உரம் வாங்க வவுனியாவுக்குப் போன இடத்தில் ஒரு கல்விக் கண்காட்சியை எட்டிப் பார்த்தது பிழை. கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர் "வாங்கோ சேர்" என்று கதிரை தந்தார். மாங்குளத்தில் என்னைச் "சேர்" என்ற கடைசி ஆள் லான்ட்மாஸ்டருக்கு லீசிங் தந்தவர். அவரும் இரண்டாம் தவணை பிந்தியதும் "அண்ணை"க்கு இறங்கிவிட்டார். தம்பி தந்த கையேட்டையும் தடித்த பையையும் வாங்கிக்கொண்டு, மகளுக்குக் கொழும்பில் அவருடைய தனியார் கல்வி நிறுவனம்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். மகளிடமும் ஒரு சொல் கேட்கவேண்டுமே என்பது பஸ் ஓமந்தை தாண்டியபிறகுதான் நினைவில் வந்தது.

அவளிடம் கேட்கமுதலே மாங்குளம் சந்தித் தேநீர்க்கடையில் சொல்லியாயிற்று. முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், துணுக்காய் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் செய்தி போய், மறுநாள் மல்லாவி மச்சான் போன் எடுத்தான். "என்னடாப்பா, பிள்ளை லண்டன் போறாளாம்?" நான் மறுக்கவில்லை.

மனைவி கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தாள். படிப்புக்கு 28 இலட்சம். அறை, சாப்பாடு மாதம் 35,000 படி 48 மாதம், 16 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 44 இலட்சத்து 80 ஆயிரம்.

"இஞ்சருங்கோ, இதை நெல்லில சொல்லுங்கோ பாப்பம்."

2025இல் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. வகுத்துப் பார்த்தால் 37,333 கிலோ. எங்கள் இரண்டு ஏக்கரில், மழையும் யானையும் மனம் வைத்தால், ஒரு காலபோகத்துக்கு 3,500 கிலோ. உரத்துக்கும் வெட்டு மெசினுக்கும் சதம் கொடுக்காமல், வீட்டில் ஒருவரும் சோறு தின்னாமல் இருந்தால் பதினோராம் போகத்தில் கடன் தீரும். அரசு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனையும் கணக்கில் எடுத்தேன். தொடங்கியபோது படிப்புக்கு 8 இலட்சம். மிச்சம் 20 இலட்சத்துக்கு யார்? மனைவியின் காப்புகள் ஏற்கெனவே மூன்று வருடமாக அடகுக்கடையில் விடுதி மாணவர்களாக இருக்கின்றன.

பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளியும் வந்தது. மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, எனக்கு வவுனியாக் கம்பஸ் கிடைச்சிருக்கு. கணினிப் படிப்பு. நான் முதலே அதைத்தான் போட்டனான்."

"வவுனியாவோ? அது நான் உரம் வாங்கப் போற இடமெல்லே பிள்ளை!"

"கம்பஸ் இருக்கிற பம்பைமடுவில உரம் விக்கிறேல்லை அப்பா."

1991இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக நிமிர்ந்த இடம் அது. அவ்வளவு காலமும் நான் வவுனியாவுக்குப் போய் யூரியாவோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். மாவட்டங்களுக்கு 55 வீதம், எங்கள் முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்று இடம் ஒதுக்கியிருப்பதையும் மகள்தான் விளக்கினாள். கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி இது. கட்டணம் இல்லை என்றதும் எனக்கு முகம் சுருங்கியதை ஏன் மறைப்பான்? மானிய உரத்துக்கு விடிய நாலு மணிக்கே வரிசையில் நிற்கிற ஆள் நான். மகாபொல உதவிப்பணம் கிடைத்தால், 2025 வரவுசெலவுத் திட்டம் கூட்டியபடி, மாதம் 7,500 ரூபா அவள் கைக்கே வருமாம். படிக்கிற பிள்ளைக்கு எதிர்க்காசு கொடுக்கிற இடம் எப்படித் தரமான இடமாகும் என்று அதையும் கேட்டுவைத்தேன். மனைவி பதில் சொல்லவில்லை, கொப்பியை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் என் மகளை லண்டனிலேயே வைத்திருக்கிறான்.

மகள் பம்பைமடுவுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அந்தத் தடித்த பையில் நான் குளத்து மீன் வாங்குகிறேன். பிடி இன்னும் அறவில்லை. கழுத்துப்பட்டித் தம்பி இப்போதும் இடைக்கிடை போன் எடுத்து மகள் எப்போது சேர்கிறார் என்று விசாரிக்கிறார். "சேர்" என்று கூப்பிடுகிறாரே என்று நானும் எடுத்துக் கதைக்கிறேன்.