மார்க் என்றால் 242 கிராம்

போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டில் வரிசையாக எழுதியிருக்கும். போர்டில் எழுதாத தொழில் ஒன்றும் உண்டு. மே மாதம் பிறந்துவிட்டால் பொழுதன்றைக்கும் அதுதான் ஓடும். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்ஜினீயரிங் காலேஜில் சீட்டு விழும் என்று பார்த்துச் சொல்வது.

நான் படித்தது பி.காம்., அதிலும் புள்ளியியலை மூன்று தடவை எழுதினேன். வினை, அக்கா மகன் ரூபத்தில் வந்தது. அவனுக்காக எல்லா என்.ஐ.டி.களிலும் முந்தைய வருஷங்களில் எந்த ரேங்க்கில் கதவு திறந்தது, எந்த ரேங்க்கில் சாத்தியது என்று இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்தேன். அக்கா மகன் கடைசியில் பி.எஸ்ஸி. விவசாயம் படிக்கப் போய்விட்டான். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது. ஊரில் அதற்குப் பெயர் 'சீட்டுப் பஞ்சாங்கம்'. ஜாதகத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். சீட்டு பார்ப்பதற்குக் காசு கிடையாது. அதனாலோ என்னவோ, ஜாதகம் தப்பினால் கிரகத்தைத் திட்டுகிறவர்கள் சீட்டு தப்பினால் என்னைத் திட்டுகிறார்கள்.

2024-ல் எதிர்த் தெருத் தறிக்கார அண்ணன் வந்தார். பட்டுச் சேலை நெய்கிறவர். ஆரணிப் பட்டு என்று பெயர் வாங்கி விற்கிற சேலையெல்லாம் ஆரணியிலேயே நெய்ததில்லை. சுற்று வட்டாரத்து ஊர்களில் இவரைப் போன்றவர்கள் குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்ததும் அதில் உண்டு. முகம் வாடியிருந்தது. அவர் பையன் என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. எழுதியிருந்தது எனக்குத் தெரியும்.

"எவ்வளவு மார்க்குண்ணே?" என்றேன்.

"மூணு மார்க் வரணும் தம்பி. ரெண்டுதான் வந்திருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்நூறு மார்க் பரீட்சை; சரியான விடைக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். எப்படிக் கழித்தாலும் இரண்டில் வந்து நிற்கிற பையனில்லையே! "நெகட்டிவ்ல போயிடுச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"நெகட்டிவ்வா? ஜரிகை தம்பி. மூணு மார்க் கேட்டேன், கடைக்காரர் ரெண்டுதான் குடுத்தாரு. முந்தி பாதியில நிக்குது."

தறிக்காரர் வீட்டில் மார்க் என்றால் ஜரிகையின் எடை. ஒரு மார்க் 242 கிராம். அந்த அளவு எந்தக் காலத்தில் எங்கிருந்து வந்ததோ, வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் மார்க் விலையும் ஏறும், தறிக்காரர் முகம் இறங்கும். பையனைப் பற்றி விசாரித்தபோதுதான் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். 97.4.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு! இதுக்கு மேல இன்னா வேணும்?"

இந்த இடத்தில்தான் நான் வருஷா வருஷம் பாவம் சேர்த்துக்கொள்கிறேன். அது சதவீதமில்லை, பெர்சென்டைல். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 97 பேருக்கு மேலே பின்னால் நிற்கிறார்கள், முன்னால் இரண்டரைப் பேர்.

"ரெண்டரைப் பேருதானே?"

"ஒவ்வொரு நூத்துக்கும் ரெண்டரைண்ணே. அந்த வருஷம் எழுதினவங்க பதினாலு லட்சத்துக்கு மேல."

கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினேன். முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் பேர். பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பதுபோல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். 31 என்.ஐ.டி.களிலும் சேர்த்து இருக்கிற சீட்டு சுமார் 24 ஆயிரம். அதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மறுநாள் ஆள் வரமாட்டார்.

இனி, அந்தச் சீட்டுகளைப் பங்கு போடுகிற சொந்த மாநிலம், வெளிமாநிலம் கதை. வாரங்கல்லில் 1959-லும், அடுத்தடுத்து சூரத்கல், சூரத் என்றும், 1964-ல் திருச்சியிலும் ரீஜனல் என்ஜினீயரிங் காலேஜ்கள் தொடங்கினார்கள். பாதி சீட்டு அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, பாதி மற்ற மாநிலத்தாருக்கு. நாடு முழுக்க உள்ள பையன்கள் ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைத் திட்டினால் ஒற்றுமை வளரும் என்று நினைத்திருப்பார்கள். பெயர் என்.ஐ.டி. என்று மாறியும் அந்தப் பாதிக்குப் பாதி மாறவில்லை. அதனால் திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வெளி மாநிலத்தானுக்குக் கதவு சாத்துகிற ரேங்க் ஒன்று, நம்மூர்ப் பையனுக்குச் சாத்துகிற ரேங்க் அதைவிடப் பல மடங்கு தள்ளி. அதே நம்மூர்ப் பையன் வாரங்கல்லுக்குப் போனால் அவன்தான் வெளியாள்.

யார் உள்ளாள், யார் வெளியாள் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆரணியில் எனக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருத்தர். கோச்சிங் நன்றாக இருக்கும் என்று மகனைப் ப்ளஸ் ஒன்னுக்கே ஆந்திராவில் ஒரு விடுதிக் காலேஜில் கொண்டுபோய்ப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பம் போட என்னிடம் வந்தார். நான் மாநிலம் என்ற இடத்தில் ஆந்திரா என்று அடிக்க, மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், எங்க தாத்தா பொறந்தது ஆரணி கோட்டை பக்கத்துல!"

தாத்தா எங்கே பிறந்தார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் எழுதினாயோ அதுதான் உன் மாநிலம். தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கோ இருப்பிடச் சான்று காட்டினால் போதும், அவன் அசல் தமிழ்ப் பிள்ளை. ஆக, ஒரே பையன், ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர். காலையில் போட்ட விண்ணப்பத்தில் தமிழன், மத்தியானம் போட்டதில் ஆந்திராக்காரன். திருச்சி அவனுக்கு வெளிமாநிலம். ரயிலில் வந்து 'ஆரணி ரோடு' என்ற போர்டைப் பார்த்து இறங்குகிறவன், களம்பூரில் நின்றுகொண்டு ஆரணி எங்கே என்று கேட்பானே, மாமா அன்றைக்கு அந்த நிலையில் இருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாம் இங்கிருந்து வெளியே பார்க்கிறோம், வெளியிலிருப்பவர்கள் இங்கே பார்க்கிறார்கள். ஜூலையில் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். வேலூர் வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த அப்பா அம்மாக்கள் பக்கெட்டும் படுக்கையுமாக ஆட்டோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் பஞ்சாங்கம் செல்லாது. 2018-லிருந்து மாணவிகளுக்கென்று கூடுதல் சீட்டு உண்டு. ரேங்க் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் நல்ல இடம் கிடைக்கும். நானும் உற்சாகமாக ரூர்கேலா என்.ஐ.டி. என்பேன். வீட்டில் ஆயா ஒரு கேள்வி கேட்கும்: "ஒரு ராத்திரி ரயில்ல போயிடலாமா?" ரூர்கேலா அத்தோடு சரி. இதற்காகவே இப்போது பஞ்சாங்கத்தோடு ரயில்வே அட்டவணையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ரேங்க் கட்-ஆஃப் ஒன்று, ஆயா கட்-ஆஃப் ஒன்று.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் மட்டும் நான் நீல அட்டையைத் திறப்பதே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஃபீஸையும் அரசே கட்டிவிடுகிறது. கணக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. கிண்டி என்ஜினீயரிங் காலேஜ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒடிசா மேப்பை ஏன் விரிக்க வேண்டும்? இதைச் சொன்னால் எனக்கு விவரம் பத்தாது என்று பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

தறிக்கார அண்ணனின் மகன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அந்த வழி இல்லை. பையனுக்கோ என்.ஐ.டி. என்ற மூன்றெழுத்து மேல் மோகம். ஓ.பி.சி. சான்று கேட்டேன். அண்ணன் பெருமையோடு எடுத்து நீட்டினார். அது மாநிலத்து பி.சி. சான்று, நானே லேமினேஷன் போட்டது. மத்திய அரசுக் காலேஜுக்கு ஓ.பி.சி. சான்று தனி, அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அதற்காக அண்ணன் நடந்த நடையில் ஒரு பாவு நெய்து முடித்திருக்கலாம்.

பிறகு கவுன்சலிங் ரவுண்டுகள். முதல் ரவுண்டில் தூரத்து ஊரில் ஒரு சீட்டு விழுந்தது. ஃப்ரீஸா, ஃப்ளோட்டா, ஸ்லைடா என்று ஸ்க்ரீன் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். தறிக் கணக்கில் சொன்னேன். "ஃப்ரீஸ்னா சேலையை அறுத்து எறக்கிட்டேன்னு அர்த்தம். ஸ்லைடுன்னா அதே தறிதான், வேற டிசைன் வந்தா மாத்திக்கறேன். ஃப்ளோட்டுன்னா எந்த ஊர்த் தறியானாலும் இதைவிட நல்லதா வந்தா போறேன்."

"அப்ப ஃப்ளோட்டு" என்றார், யோசிக்காமல். எத்தனையோ பட்டதாரி அப்பாக்களுக்கு நான் அரை மணி நேரம் விளக்கியும் விளங்காத விஷயம் அது.

பஞ்சாங்கத்தைப் புரட்டி நான் கணித்துச் சொன்னது ராய்ப்பூர், மெட்டலர்ஜி. சூரத்தை வரிசையில் மேலே போடச் சொன்னது அண்ணன். வராது என்று அடித்துச் சொன்னது நான். மூன்றாவது ரவுண்டில் சூரத் வந்தது. சிவில். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"எப்படிண்ணே சூரத்துன்னு தோணுச்சு?"

"நம்ம ஜரிகை வர ஊராச்சே தம்பி. வேற எந்த ஊர் பேரு எனக்குத் தெரியும்?"

அப்பாவும் மகனும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் போனார்கள். வழியில் வாரங்கல் வந்தபோது பையன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லையாம். சேர்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். ஃபீஸ் ரசீதை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். பையிலிருந்து சின்ன ஜரிகைக் கட்டு ஒன்றையும் எடுத்து கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னியது.

"காலேஜ் எப்படிண்ணே இருக்கு?"

"பெரிய காலேஜ். மெஸ்ஸுல பருப்புல சர்க்கரை போடறான். அத விடு. ஒரு மார்க் ஜரிகை அங்க இன்னா வெலைன்னு கேட்டுட்டு வந்தேன்." ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மேலே சூரத் விலை, கீழே அவர் இங்கே வாங்குகிற விலை. "அந்தக் கால்குலேட்டர எடு. மாசத்துக்கு எத்தனை மார்க் வாங்கறேன்னு சொல்றேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் போடு."

போட்டேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இத பிரிண்டு எடு தம்பி" என்றார். "ரெண்டு காப்பி. ஒண்ணு ஜரிகைக் கடைக்காரருக்கு. லேமினேஷன் போட்டுடு."