குளிகையில் வாங்கிய பிளானர்

நாளின் வேலைகளை மணிவாரியாகப் பிரித்து எழுதும் பிளானர் என்னும் குறிப்பேடு, கடலூர் வீடுகளில் தினசரிக் காலண்டருக்குக் கீழ்ப்பட்டே பணிபுரிகிறது. திங்கட்கிழமையெனில் 7.30 முதல் 9 வரை இராகு காலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம் என, எதையும் தொடங்கக்கூடாத வேளைகளைக் காலண்டர் முன்னரே அச்சிட்டுவிடுவதால், பிளானரில் எழுத எஞ்சுவது சொற்பமே. செய்தது மீண்டும் நிகழும் என நம்பப்படும் குளிகை வேளையில் வாங்கப்பட்டதாலோ என்னவோ, ஆண்டுதோறும் புதிய பிளானர் வாங்கப்படுகிறது. பழையதில் பிப்ரவரி தொடங்கிப் பால் கணக்கு. சிதம்பரம் நடராசர் கோயிலிலோ ஆறு கால பூசை, அதாவது நாளொன்றுக்கு ஆறு வேளை வழிபாடு, பிளானரின்றியே நடந்துவருகிறது. 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவிய வள்ளலார், கதிரவன் தோன்றுமுன் எழுவதிலிருந்து அன்றாட ஒழுங்கை 'நித்திய கரும விதி'யில் வகுத்தளித்தார். அதைக் கைப்பேசியில் சேமித்தவர்கள் எட்டு மணிக்கு எழுந்து அடுத்தவருக்கு அனுப்புகின்றனர்.