கம்பம் பள்ளத்தாக்கில் செய்திச் சுமையும் புதுச் செயலிகளும்: ஓர் ஆய்வு

ஒருவர் படிக்க விரும்பும் செய்திகளைக் காட்டிலும் மரியாதைக்காகப் படித்தாக வேண்டிய செய்திகள் மிகும்போது ஏற்படும் நிலையே செய்திச் சுமை. தேனி மாவட்டத்தில் இது லோயர்கேம்ப் தொடங்கி ஆண்டிபட்டி கணவாய் வரை பரவிக் கிடக்கிறது. முகூர்த்த மாதங்களில் உச்சத்தை எட்டும். மார்கழியில் கல்யாணப் பத்திரிகைகள் ஓய்ந்துவிடுவதால் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த இடத்தைக் கோலப் படங்கள் நிரப்பிவிடுகின்றன.

பள்ளத்தாக்கில் புழங்கும் செய்திகளில் முதலில் வைத்து எண்ணத்தக்கது வைகறை வகை. ரோஜாப்பூ, ஆவி பறக்கும் டீ, பிள்ளையார், 'இனிய காலை வணக்கம்' ஆகியவை இதன் உறுப்புகள். இந்தியர்களின் போன்கள் அடிக்கடி நிரம்பி நின்றுபோவதற்கு இவ்வகைப் படங்களே காரணம் என்று கூகுள் கண்டறிந்து, அவற்றை மட்டும் பொறுக்கி அழிக்க ஒரு வசதி செய்தது 2018-ல் உலகச் செய்தியானது. ஒரு வணக்கத்தை அழிக்கக் கணினி அறிவியல் தேவைப்பட்டது அதுவே முதல்முறையாக இருக்கலாம்.

அடுத்தது நீர்மட்ட வகை. முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என அணைவாரியாக உயரம், வரத்து, திறப்பு மூன்றும் காலையில் வரும். பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, முதல் வரியை ஒரு குழி நிலமும் இல்லாதவர்கூட நின்று படிக்கிறார். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லை நம்பியிருப்பவர்களுக்கோ இது வெறும் செய்தியன்று. விலை வகையும் அப்படிப்பட்டதே. போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்பதைச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எத்தனை குழு உண்டோ அத்தனை முறை வருவதில்தான் சிக்கல்.

ஆய்வாளர் அதிகம் கவனிக்க வேண்டியது கேதச் செய்தியை. மாலை போட்ட படம், 'இன்று மாலை 4 மணிக்கு நல்லடக்கம்' என்ற வரி, அதன் கீழே கூப்பிய கைகள், அதற்கும் கீழே 'ஆழ்ந்த இரங்கல்', மறுபடி கூப்பிய கைகள். இதற்கிடையில் வெளியூர் மகன் வந்து சேர்ந்துவிட்டதால் நேரம் 2 மணிக்கு மாற்றப்படுகிறது. மாற்றிய செய்தி கைகளுக்கு நடுவே புதைந்துவிட, 4 மணிக்கு மாலையோடு வந்து இறங்குபவர் வெறும் பந்தலைப் பார்க்கிறார். சுமையின் உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது: அனுதாபம் தகவலை மூடிவிடுகிறது.

முற்காலத்தில் இந்நிலை இல்லை. கேதம் சொல்ல ஆள் நடந்து போனார். ஊர்ச் செய்திக்குத் தண்டோரா. தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஆகவே அனுப்புபவர் சுருக்கினார். 'அப்பா சீரியஸ், உடனே வா' என்பதில் வெட்ட எதுவும் இல்லை. 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டபோது அதோடு சேர்ந்து போனது இந்தச் சிக்கனமும்தான். இன்று அனுப்புபவருக்குச் செலவில்லை. முழுச் செலவும் பெறுபவரின் நேரத்தில் எழுதப்படுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புதிய வழி எதுவும் பழைய வழியை ஓய்வுக்கு அனுப்பவில்லை. சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று' என்ற வேண்டுகோளும் அதிலேயே இருக்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டவர் பள்ளத்தாக்கில் எவருமில்லை. எனவே போனில் கூப்பிட்டுச் சொல்லப்படுகிறது. பிறகு தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரிலும் பத்திரிகை வருகிறது. முதல் நாள் 'நாளை மறக்காமல்' என்ற நினைவூட்டலும் உண்டு.

புதுச் செயலி இதைத் தீர்க்கும் என்ற கருதுகோள் இரண்டு முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை மாற்றத்தால் பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். 2025 செப்டம்பரில் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி எழுச்சி கண்டது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக ஜோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். இரு முறையும் போனவர்கள் சொன்ன புகழுரை ஒன்றே: அங்கே அமைதியாக இருக்கிறது. அமைதிக்குக் காரணம் செயலியின் வடிவமைப்பன்று, சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேராததே. பங்காளி ஒருவர் வந்து 'குலதெய்வம் கோயில்' என்று குழு தொடங்கும் நாளில் அமைதிக்காலம் முடிகிறது. பழைய குழுவும் கலைக்கப்படுவதில்லை.

கணக்கும் அந்தக் கருதுகோளுக்குச் சாதகமாக இல்லை. 256 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேச 32,640 வழிகள். 2022-ல் வாட்ஸ்அப் குழு வரம்பை 1,024 ஆக்கியது. வழிகள் 5,23,776 ஆயின. வசதி கூடினால் பயன்பாடும் கூடும் என்பது பழைய பாடம்: நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்று 1865-ல் பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுதினார். கம்பத்து விவசாயிக்கு இது தெரிந்ததே: புதுக் கால்வாய் வெட்டினால் தண்ணீர் மிஞ்சாது, ஆயக்கட்டுதான் கூடும்.

பலன் தந்தது வேறொன்று. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. அனுப்புபவரின் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் வேலை வைத்ததும் பாதிக்கு மேற்பட்டவை அனுப்பத் தகுதியற்றவை ஆகிவிட்டன.

இயற்கையாக அமைந்த கட்டுப்பாடும் உண்டு. கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறுபவர்களுக்குப் பல இடங்களில் டவர் கிடைப்பதில்லை. சாயங்காலம் இறங்கும்போது அன்றைய செய்திகள் மொத்தமாக வந்து விழுகின்றன; காலை வணக்கத்தை இருட்டும் நேரத்தில் பெறுபவர் பதில் போட வேண்டிய கடமையிலிருந்து தப்புகிறார். உண்மையில் அவசரமானது கங்காணியின் போன் வழியாகப் பகலிலேயே வந்து சேர்ந்திருக்கும்.

மலைக்குப் போக இயலாதவர்களுக்கு எஞ்சியது வெளியேறுதல். முன்பு ஒருவர் வெளியேறினால் குழு முழுவதும் பெயரோடு தெரிந்தது. கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்ததற்குச் சமமான குற்றமாக அது கருதப்பட்டது. 2022 முதல் அறிவிப்பு அட்மினுக்கு மட்டுமே போகிறது. குடும்பக் குழுக்களில் அட்மின் பெரும்பாலும் தாய்மாமனாக இருப்பதால் பயன் சிறிதே. கைதவறி வெளியேறியிருப்பான் என்று அவர் மறுநாளே சேர்த்துவிடுகிறார். தன்னை யார் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி 2019-லிருந்து உண்டு. அதை இயக்கியவருக்குக் குழுவின் அழைப்பு தனிச் செய்தியாக வருகிறது. மூன்று நாளில் ஏற்காவிட்டால் அது காலாவதியாகும். அதற்குள் மாமா போனில் கூப்பிட்டுவிடுகிறார்.